நியூயார்க் செயின்ட் மார்க் லூத்தரன் சபை: ஒரே நாள் தீயில முடிஞ்சுதா, அதுக்கு முன்னாடியே கலைய ஆரம்பிச்சுதா?

குயின்ஸ்_எழில்

மன்ஹாட்டன் ஈஸ்ட் 6வது தெருவுல 323ஆம் நம்பர் கட்டடம். ஃபர்ஸ்ட் அவென்யூவுக்கும் செகண்ட் அவென்யூவுக்கும் நடுவுல, சில்ஹெட்காரங்க வரிசையா இந்தியன் ரெஸ்டாரன்ட் போட்ட அதே பிளாக்கு, அதனால நம்ம ஆளுங்க பாதி பேர் அதைத் தாண்டிப் போயிருப்பீங்க. இப்ப அது யூதர்களோட ஜெபாலயம், 1940ல கைமாறுச்சு. 1840-கள் கடைசியில கட்டுனதுலேருந்து அதுவரைக்கும் அது செயின்ட் மார்க் எவாஞ்சலிக்கல் லூத்தரன் சர்ச் (மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க). ஜெர்மனியிலேருந்து கப்பல் ஏறி வந்த தையக்காரங்க, மரவேலைக்காரங்க, பேக்கரிக்காரங்க, சுருட்டு சுத்துறவங்க வளத்த சபை.

அந்த ஏரியாவுக்கே அப்ப க்ளைன்டாய்ச்லாண்ட்னு பேரு, குட்டி ஜெர்மனி. டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பார்க்கை சுத்தி இருந்த தெருக்கள் பூரா. ஒரு பக்கம் 1840-கள்ல அங்க பயிர் பொய்ச்சு பஞ்சம், இன்னொரு பக்கம் 1848 புரட்சி தோத்துப்போய் ஊரைவிட்டு ஓடிவந்த படிச்ச கூட்டம், ரெண்டும் சேர்ந்து வந்து குவிஞ்சதுல பெர்லின், வியன்னாவுக்கு அடுத்தபடியா ஜெர்மன் பேசுறவங்க அதிகம் இருக்குற நகரம் நியூயார்க்குதான்னு சொல்ற நிலைமை. அவென்யூ பி-க்கு 'ஜெர்மன் பிராட்வே'ன்னே பட்டப்பேரு.

விஷயம் என்னன்னா, இந்த சர்ச் பத்தி எந்த டூரிஸ்ட் கைடு வாயைத் தொறந்தாலும் ஒரே கதைதான், '1904ல சபை பிக்னிக் போன கப்பல் எரிஞ்சு ஆயிரம் பேர் செத்தாங்க, மறுநாளே ஜெர்மன்காரங்க ஏரியாவை காலி பண்ணிட்டாங்க'ன்னு. முதல் பாதி உண்மை. ரெண்டாவது பாதி அவ்வளவு சுலபமா எனக்கு இறங்கல. இங்க சரித்திரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மணிமேடை_மக்கா

லூத்தரன்னு தலைப்பைப் பாத்ததும் உள்ள வந்துட்டேன், நாம நாகர்கோவில் ஐ.ஈ.எல்.சி (இந்தியா எவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை). எங்க சபைக்கு வித்து போட்டதே அமெரிக்காவுல குடியேறுன ஜெர்மன்காரங்கதான் மக்கா. 1847ல சிகாகோவுல கூடி மிசௌரி சினோடுன்னு ஒன்னு, பல லூத்தரன் சபைங்க சேர்ந்த அமைப்பு, ஆரம்பிச்சாங்க, பேருலயே முதல்ல 'ஜெர்மன்'னு இருந்துச்சு. அவங்கதான் 1890-கள்ல கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் ஆள் அனுப்பி அப்புறம் எங்க ஊர் வரைக்கும் வந்தாங்க. ஆனா நியூயார்க்ல இப்படி ஒரு விபத்து நடந்ததை எங்க ஐயர் (எங்க ஊர்ல போதகரை அப்படித்தான் சொல்வோம்) யாரும் பிரசங்கத்துல சொல்லிக் கேட்டதில்ல. என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் விவரமா போடுங்க எழில்.

குயின்ஸ்_எழில்

போடுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

1904 ஜூன் 15, புதன்கிழமை. சண்டே ஸ்கூல் வருஷம் முடியுறதைக் கொண்டாடுற சபை பிக்னிக், பதினேழாவது வருஷம். ஜெனரல் ஸ்லோக்கம்னு ஒரு மூணு அடுக்கு மர நீராவிக் கப்பலை 350 டாலருக்கு வாடகைக்கு எடுத்தாங்க. ஈஸ்ட் 3வது தெரு துறையில ஏறி, ஈஸ்ட் ரிவர் வழியா லாங் ஐலண்ட்ல லோகஸ்ட் குரோவ்னு ஒரு தோப்புக்குப் போய் சாப்பிட்டு விளையாடிட்டு சாயங்காலம் திரும்புறது பிளான். 1300 பேருக்கு மேல. வேலைநாள்ங்கறதால அப்பாக்கள் பெரும்பாலும் வரல, கப்பல் முழுக்க அம்மாக்களும் பிள்ளைகளும் பாட்டிங்களும். பேண்டு வாசிப்பு வேற. எல்லாருக்கும் நல்ல துணி, அந்தக் காலத்து கனமான கம்பளிப் பாவாடை, பூட்ஸ்னு முழு ஞாயித்துக்கிழமை அலங்காரம், முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

ஒன்பதரை மணி வாக்குல கிளம்புச்சு. கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கம் இருந்த விளக்கு ரூம்ல தீ. அங்க வைக்கோல், எண்ணெய்த் துணி, விளக்கெண்ணெய்னு (தலைக்கு தேய்க்கறது இல்ல, விளக்குக்கு ஊத்தறது) எல்லாம் ஒன்னா கிடந்துச்சு. பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் ஓடிப்போய் சொன்னான், போடா அந்தப் பக்கம்னு விரட்டிட்டாங்க. கேப்டன் வான் ஷைக்குக்கு நிஜமா தகவல் போறப்ப தீ மேலே ஏறிடுச்சு. அவர் பக்கத்துக் கரையில ஒதுக்காம நார்த் பிரதர் தீவுக்கு நேரா விட்டாரு. கேட்டதுக்கு, கரையோரமா எண்ணெய் டேங்கும் மரக்கட்டை குடோனும் இருந்துச்சு, ஊரே எரிஞ்சிருக்கும்னாரு.

அந்தத் தீவுல தொத்துநோய் ஆஸ்பத்திரி. நர்ஸுங்க, வேலைக்காரங்க, நோயாளிகள்கூட தண்ணியில எறங்கி இழுத்துப் போட்டாங்க. 

செத்தது 1021 பேர். 2001 செப்டம்பர் 11 வரைக்கும் அந்த நகரத்துல ஒரே நாள்ல இத்தனை சாவு வேற எதுலயும் கிடையாது. போதகர் ஜார்ஜ் ஹாஸ் பிழைச்சாரு. அவரோட மனைவி அன்னாவும் மக கெர்ட்ரூடும் போயிட்டாங்க. 26வது தெரு துறையில சவப்பெட்டிகளை வரிசையா அடுக்கி வெச்சு, அதுக்கு நடுவுல நடந்துபோய் அடையாளம் பாத்திருக்காங்க. யாருன்னே தெரியாம போன 61 பேரை குயின்ஸ் மிடில் வில்லேஜ்ல இருக்கற லூத்தரன் கல்லறைத் தோட்டத்துல ஒன்னா அடக்கம் பண்ணாங்க.

பாய்லர்_பாண்டி

மெர்ச்சண்ட் நேவில எஞ்சின் சைடு. எங்க ட்ரெய்னிங்ல பழைய தீ விபத்துகள் பேசுறப்ப இந்தக் கப்பல் பேரு வந்துச்சு, அப்ப பரீட்சைக்குப் படிச்சதோட சரி. இப்ப சபைக்காரங்க கதையா படிக்கறப்பதான் வயித்தைப் பிசையுது.

லைஃப் ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கோங்க. கப்பல் கட்டுன 1891லேருந்து அதே ஜாக்கெட்டுதான். 13 வருஷம் டெக்குக்கு மேல கம்பி வலைக்குள்ள வெயில்லயும் உப்புக்காத்துலயும் தொங்குனது. அதுக்குள்ள கார்க்கு, மேல கேன்வாஸ் துணி. துணி இத்துப்போச்சு, கார்க் பொடியாயிடுச்சு. கட்டியா இருந்தா மிதக்கும், பொடியாகி தண்ணி குடிச்சா எங்க மிதக்க? ஒரு அம்மா தன் பிள்ளைக்கு இறுக்கி கட்டிவிட்டு தண்ணியில எறக்கறா, கல்லு மாதிரி நேரா உள்ள போகுது. இதைப் பாத்தவங்க சாட்சி சொல்லியிருக்காங்க.

இதைவிட கேவலம் ஒன்னு இருக்கு. ஒரு ஜாக்கெட்டுல ஆறு பவுண்டு நல்ல கார்க் இருக்கணும்னு சட்டம். விபத்துக்கு அப்புறம் விசாரிக்கப் போனா, நான்பரேல் கார்க் ஒர்க்ஸுன்னு ஒரு கம்பெனி எடை காட்டறதுக்காக கார்க் கட்டைக்குள்ள இரும்புத்துண்டு சொருகி வித்தது வெளிய வந்துச்சு. மிதவைக்குள்ள இரும்பு!! எடை பாக்குறவன் தராசை மட்டும்தான் பாப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஃபயர் ஹோஸ் மலிவு லினன் துணி, பிரஷர் ஏறுனதும் அங்கங்க கிழிஞ்சு பீச்சுது, நாசிலுக்குத் தண்ணியே போகல. உயிர்காப்புப் படகு எல்லாம் கம்பி போட்டுக் கட்டி, மேல மேல பெயிண்ட் அடிச்சு ஒட்டிப்போயிருந்துச்சு. ஃபயர் ட்ரில்னு ஒன்னு நடத்தவே இல்ல, அதனால எவன் எங்க நிக்கணும்னு ஒருத்தனுக்கும் தெரியல. இத்தனைக்கும் சில வாரம் முன்னாடிதான் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்காரு.

கேப்டன் விஷயத்துல ரெண்டு பேச்சு உண்டு. முன்பக்கம் தீ, எதிர்க்காத்து, இதுல முழு வேகத்துல முன்னாடி ஓட்டுனா காத்து தீயை அப்படியே பின்னாடி இருக்குற கூட்டத்து மேல தள்ளும். இது கப்பல் ஏறுன முதல் மாசத்துலயே சொல்லித்தர்ற பாடம். ஆனா அந்த இடம் ஹெல் கேட், நீரோட்டம் தாறுமாறா சுழிக்கும், பெரிய கப்பலை நினைச்ச இடத்துல திருப்பிட முடியாது. அவரை முழுசா நான் தப்பு சொல்ல மாட்டேன். ட்ரில் நடத்தாததுக்கு கண்டிப்பா சொல்வேன்.

தெருவோரம்_திலகா

யாராவது ஜெயிலுக்குப் போனாங்களா? இல்ல வழக்கம்போலதானா?

பாய்லர்_பாண்டி

வழக்கம்போலதான்க்கா. உள்ள போனது கேப்டன் ஒருத்தர்தான். 1906ல பத்து வருஷம் தீர்ப்பாகி சிங் சிங் ஜெயில்ல மூணரை வருஷம் இருந்தாரு, 1911ல பரோல், 1912 டிசம்பர்ல பிரசிடென்ட் டாஃப்ட் மன்னிப்பு கொடுத்துட்டாரு. கையெழுத்து போட்ட இன்ஸ்பெக்டர் லண்ட்பெர்க் கேஸ்ல ஜூரி ஒத்துப்போகல, தண்டனை இல்ல. நிக்கர்பாக்கர் ஸ்டீம்போட் கம்பெனி முதலாளிங்க யாரும் உள்ள போகல, கம்பெனி சின்னதா ஒரு அபராதம் கட்டிட்டுப் போயிடுச்சு. எரிஞ்ச கப்பலையும் விடலையே, மிச்சத்தைத் தேத்தி மேரிலாண்டுன்னு பேர் மாத்தி சரக்கு பார்ஜா ஓட்டுனாங்க. 1911ல நியூஜெர்சி பக்கம் புயல்ல அதுவும் முழுகுச்சு.

நல்லது நடந்ததுன்னா அப்ப பிரசிடென்ட்டா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் போட்ட கமிஷன். கப்பல் பரிசோதனையை முழுசா உலுக்கி எடுத்தாங்க.

பழைய_கணக்கு

எழில் கேட்ட கேள்விக்கு வருவோம், எல்லாரும் கப்பலையே பேசிட்டு சபையை விட்டுட்டீங்க.

ஜெர்மன்காரங்க அந்த ஏரியாவை விட்டுக் கிளம்புனது 1904ல இல்ல, 1880-கள்லயே ஆரம்பிச்சாச்சு. காரணம் ரொம்ப சாதாரணம். செகண்ட் அவென்யூ, தேர்ட் அவென்யூ மேல எலிவேட்டட் ரயில் 1880 வாக்குல வந்துடுச்சு. அதுவரைக்கும் வேலைக்கு நடந்து போற தூரத்துலதான் குடியிருக்கணும், இனி மன்ஹாட்டன் வடக்குப் பக்கம் யார்க்வில்ல வீடு பாத்துக்கிட்டு ரயில்ல வந்து போகலாம். அங்க ஏற்கெனவே எஹ்ரெட், ரூப்பர்ட்னு ஜெர்மன் முதலாளிங்க பெரிய பீர் ஆலை நடத்துறாங்க, வேலை இருக்கு. கீழ டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பக்கம் காத்து வெளிச்சம் இல்லாத டெனிமெண்ட் (நெருக்கியடிச்ச அடுக்குமாடி) வீடு, ரஷ்யா, போலந்துலேருந்து யூதர்கள் வந்து எறங்கிக்கிட்டே இருக்காங்க. கையில நாலு காசு சேத்த குடும்பம் மேல நகந்துச்சு. எந்த ஊர் குடியேறிகளும் பண்றதுதான்.

அப்புறம் தேதியைப் பாருங்க. விபத்து 1904. கட்டடம் வித்தது 1940. இடையில 36 வருஷம் அதே 6வது தெருவுல சபை உயிரோட இருந்திருக்கு. 'மறுநாளே காலி'ன்னா அந்த 36 வருஷம் ஞாயித்துக்கிழமை யாரு உக்காந்திருந்தாங்க, பெஞ்சா? 1946ல யார்க்வில் சயான் லூத்தரன் சபையோட சேர்ந்து சயான்–செயின்ட் மார்க்னு ஆச்சு. சுற்றி இருந்த தெரு மாறுனதுக்கப்புறம் மெதுவா கரைஞ்ச சபை இது. தீயில அழிஞ்சதுன்னு சொல்றது கைடு டிக்கெட்டுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்னு, க்ளைன்டாய்ச்லாண்ட்னா லூத்தரன் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. கத்தோலிக்கர் நிறைய, 3வது தெருவுல அவங்க பெரிய கோயில் மோஸ்ட் ஹோலி ரிடீமர் இன்னும் இருக்கு. யூத ஜெர்மன்காரங்க, கோயில் பக்கமே போகாத சோஷலிஸ்டுங்க, எல்லாம் உண்டு. 1874ல டாம்ப்கின்ஸ் ஸ்கொயர்ல வேலை கேட்டுக் கூடுன கூட்டத்தை போலீஸ் அடிச்சு விரட்டுச்சே, அதுல ஜெர்மன் தொழிலாளிங்கதான் ஏகப்பட்ட பேர். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட பீர் தோட்டத்துல உக்காரறது அவங்களுக்கு பாவமே இல்ல, இங்கிலீஷ் பேசுற அமெரிக்கக்காரங்க அதைப் பாத்து தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பரோட்டா_பாய்ஸ்

காலைல ஆராதனை சாயங்காலம் பீர், நல்ல சபையா இருக்கே, மெம்பர்ஷிப் இன்னும் ஓப்பனா ப்ரோ

தரங்கை_செல்வி

பழைய கணக்கு சார், ரயில், பீர் ஆலை, டெனிமெண்ட் எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா சபை எப்படி நடக்குதுன்னு உள்ள இருந்து பாத்தவங்களுக்கு உங்க கணக்குல ஒரு ஓட்டை தெரியும். நான் தரங்கம்பாடி டி.ஈ.எல்.சி (தமிழ் எவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை) குடும்பம், அம்மா சண்டே ஸ்கூல் டீச்சர்.

ஒரு சபையில சண்டே ஸ்கூல் எடுக்கறது யாரு? பெண்கள் சங்கம், பாடகர் குழு, பண்டிகைச் சமையல், வீட்டு ஜெபம், காய்ச்சல்னா போய்ப் பாக்கறது, இதெல்லாம்? அந்தக் கப்பல்ல போனது அவங்கதான். கூடவே அடுத்த பத்து வருஷத்துல திடப்படுத்தல் (வளந்தப்புறம் சபை முன்னாடி விசுவாசத்தை அறிக்கை பண்றது) எடுக்க வேண்டிய பிள்ளைங்க. அதுக்கும் அடுத்த பத்து வருஷத்துல அதே ஆலயத்துல கல்யாணம் பண்ணி, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை தூக்கிட்டு வரவேண்டியவங்களும் அவங்கதானே? 36 வருஷம் கதவு தொறந்திருந்துச்சுங்கறது வாஸ்தவம். உள்ள வரவேண்டிய தலைமுறையே இல்லாம தொறந்திருந்துச்சு. மீதி இருந்த அப்பாக்களை நினைச்சுப் பாருங்க, காலைல வேலைக்குப் போனவர் சாயங்காலம் வந்தா வீட்ல ஒருத்தரும் இல்ல. அந்தத் தெருவுலயே எப்படி இருப்பாங்க? ரயில் போறதால போனவங்களும் உண்டு, இருக்க முடியாம போனவங்களும் உண்டு. ரெண்டையும் ஒரே பத்தியில எழுதிட்டுப் போறது எனக்கு சரியா படல.

ஒரு குடும்பம் மட்டும் சொல்றேன். லீபனோவ்னு ஒரு வீடு, அக்கா ரெண்டு பேர் போயிட்டாங்க, ஆறு மாசக் கைக்குழந்தை அடெல் பிழைச்சுது. மறு வருஷம் மிடில் வில்லேஜ் கல்லறைத் தோட்டத்துல நினைவுச்சின்னத்தோட திரையை விலக்கறதுக்கு அந்தக் குழந்தையைத்தான் தூக்கிப் பிடிச்சாங்க. அவங்கதான் கடைசியா உயிரோட இருந்தவங்க, 2004ல நூறு வயசுல காலமானாங்க.

பழைய_கணக்கு

செல்வி மேடம், நீங்க சொல்றது சபை உள்ளுக்குள்ள செத்ததைப் பத்தி. நான் சொன்னது ஜெர்மன் பேட்டை ஏன் காலியாச்சுங்கறது. டூரிஸ்ட் கைடு ரெண்டையும் குழப்பறான். லட்சக்கணக்குல ஆள் இருந்த பேட்டை ஆயிரம் பேர் செத்ததால காலியாகாது. ஆயிரம் பேர் ஒரே சபையிலேருந்து போனா அந்த சபை எழுந்திரிக்காதுங்கறதுல எனக்கு சண்டை இல்ல.

தெருவோரம்_திலகா

ஆயிரம் பேர் செத்தும் இது ஏன் யாருக்கும் தெரியல? அதே ஊர்ல 1911 ட்ரையாங்கிள் சட்டைக் கம்பெனி தீ விபத்து எல்லாருக்கும் தெரியுது. அங்க செத்தது 146 பேர். அந்த இடத்துலேருந்து இந்த சர்ச் நடந்து போற தூரம்தான்.

குயின்ஸ்_எழில்

திலகா, ட்ரையாங்கிளுக்குப் பின்னாடி தொழிற்சங்கம் இருந்துச்சு, வருஷா வருஷம் பேர் சொல்லி கூட்டம் போட்டாங்க, தொழிலாளர் சட்டம் மாறுச்சு, பள்ளிக்கூடப் பாடத்துல ஏறிடுச்சு. ஸ்லோக்கத்துக்கு அழுதவங்க சபைக்காரங்களும் பிழைச்சவங்க சங்கமும்தான். பத்து வருஷத்துல முதல் உலகப்போர், 1917ல அமெரிக்கா உள்ள எறங்குனதும் ஜெர்மன்காரன்னாலே எதிரி, பல ஊர்ல தெருப்பேரு, பள்ளிக்கூடத்துல ஜெர்மன் பாடம் எல்லாம் போச்சு. அப்ப போய் எங்க ஜெர்மன் பிள்ளைங்க செத்தாங்கன்னு பெருசா மேடை போட்டு யாரு பேசறது? என்னைக் கேட்டா, இந்த சபையை மறக்கடிச்சது அந்தப் போர்தான். பழைய கணக்கும் செல்வியும் ரெண்டு பேருமே இதைத் தொடல.

டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பார்க்குல வடக்குப் பக்கம் இந்த விபத்து நினைவா ஒரு சின்ன குடிதண்ணிக் கல் இருக்கு, இளஞ்சிவப்பு மார்பிள், ஒன்பதடி உசரம், 1906ல ஜெர்மன் பெண்கள் சங்கம் ஒன்னு வெச்சது, சிற்பி புரூனோ ஸிம். ரெண்டு பிள்ளைங்க கடலைப் பாத்துட்டு இருக்கற மாதிரி செதுக்குனது, கீழ சிங்க முகத்துலேருந்து தண்ணி விழுற மாதிரி. முகமெல்லாம் தேய்ஞ்சு போச்சு. பக்கத்துல ஊஞ்சல் ஆடற பிள்ளைங்க, ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்றவங்க, ஒருத்தரும் நின்னு படிக்க மாட்டாங்க.

மணிமேடை_மக்கா

தம்பி ஒருத்தன் நியூஜெர்சில இருக்கான், அடுத்த மாசம் நான் வாறேன். ஒரே நாள்ல இதெல்லாம் பாக்க முடியுமா, சனிக்கிழமை தோதா இருக்கும்.

குயின்ஸ்_எழில்

தாராளமா அண்ணே, ஆனா சனிக்கிழமை வேணாம். 6வது தெரு கட்டடத்துல யூதர்கள் ஓய்வுநாள் ஆராதனை நடக்கற நாள், வாசல்ல கேமராவோட நின்னா நல்லா இருக்காது. ஞாயித்துக்கிழமை வாங்க. காலைல முதல்ல யார்க்வில், க்யூ ட்ரெயின்ல 86வது தெருவுல எறங்கி ஈஸ்ட் 84வது தெரு 339ஆம் நம்பர் போங்க, அதுதான் சயான்–செயின்ட் மார்க், ஜெர்மன்லயும் ஆராதனை நடத்தற சபை, எந்த வாரம் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. லூத்தரன்னு சொன்னா பேசுவாங்க. அப்புறம் கீழ வந்து 6 ட்ரெயின்ல ஆஸ்டர் பிளேஸ். செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் 12ஆம் நம்பர்ல ஜெர்மன் துப்பாக்கிச்சூடு கிளப்போட பழைய கட்டடம், மேல நிமிந்து பாத்தா குறிபலகையும் துப்பாக்கியும் செதுக்குனது தெரியும். திரும்புனா செகண்ட் அவென்யூ 135, ஓட்டெண்டார்ஃபர் தம்பதி 1884ல கட்டுன இலவச நூலகம், வாசல்ல இன்னும் ஜெர்மன் எழுத்துதான், இப்பவும் நூலகம்தான். ஞாயித்துக்கிழமை உள்ள போக முடியுமான்னு பாத்துக்கோங்க, வெளிய பாத்தாலே போதும். அங்கேருந்து 6வது தெரு, டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் எல்லாம் நடைதான்.

கல்லறைத் தோட்டம் குயின்ஸ்ல, எம் ட்ரெயின் கடைசி ஸ்டாப் மெட்ரோபாலிட்டன் அவென்யூ, எறங்குனா பக்கம். கேட் சாயங்காலம் சீக்கிரம் மூடிடுவாங்க, அதனால அதை மதியத்துக்கு மேல தள்ளிடாதீங்க.

தரங்கை_செல்வி

மக்கா அண்ணே, 84வது தெருவுல கேட்டீங்கன்னா பழைய செயின்ட் மார்க் பதிவேடு எதாவது அவங்ககிட்ட இருக்கான்னும் விசாரிங்க. 1904க்கு முன்னாடி பின்னாடி ஞானஸ்நானக் கணக்கு கிடைச்சா எனக்கும் பழைய கணக்கு சாருக்கும் நடுவுல இருக்கற வழக்கு தீரும்.

பழைய_கணக்கு

திடப்படுத்தல் கணக்கையும் சேத்துக் கேளுங்க. 1905லேருந்து 1915 வரைக்கும்.